பல்கலைக்கழக ஆசிரியர்களின் விடுப்பும் பணிப்பயன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் விடுப்பு, மகப்பேறு, பதவி உயர்வு, ஓய்வுகாலப் பயன்கள் ஆகியவை பற்றி எழுப்பும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 ஜூலை 18 அன்று அறிவிக்கை செய்த விதிமுறைகளே பெரும்பாலான விடைகளுக்கு அடிப்படை. வேறு சட்டமோ மாநில அரசின் ஆணையோ பேசப்படும் இடங்களில் அது தனியே குறிப்பிடப்பட்டுள்ளது.

இத்தனை விதிகளில் எனக்குப் பொருந்துவது எது?

உங்கள் நியமன ஆணையைப் படித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் யு.ஜி.சி. விதிமுறைகளும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டவிதிகளும் சேர்ந்தே நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் சொல்லப்படாதவற்றுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளைத் துணைக்கொள்வது வழக்கம். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் நிலைமை வேறு. மாநில அரசு யு.ஜி.சி. விதிமுறைகளில் எவற்றை ஏற்று ஆணை பிறப்பித்திருக்கிறது, எவற்றைத் தன் சொந்த விதிப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தே முடிவு சொல்ல முடியும். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2019இல் தனியே விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. யு.ஜி.சி. விதியில் தற்செயல் விடுப்பு கல்வியாண்டுக்கு 8 நாள். தமிழ்நாடு அரசு ஊழியருக்கோ ஆண்டுக்கு 12 நாள். யு.ஜி.சி. விதியில் மகப்பேறு விடுப்பு 180 நாள். தமிழ்நாடு அரசுப் பணியில் 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு பெறும் வயது 65, தமிழ்நாட்டில் 60. ஆகவே வேறொரு பல்கலைக்கழக நண்பருக்குக் கிடைத்தது என்பதைக் காரணமாகக் காட்டி விண்ணப்பம் எழுதுவதால் பயனில்லை. உங்களுக்குப் பொருந்தும் விதியின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், அலுவலகம் அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

விடுப்பு என் உரிமையா, நிர்வாகத்தின் சலுகையா?

பொதுவான விடுப்பு விதிகள் எல்லாவற்றிலும் 'விடுப்பை உரிமையாகக் கோர இயலாது' என்ற வரி இருக்கும். பணியின் தேவை கருதி விடுப்பை மறுக்கவும், தள்ளிப்போடவும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதிகாரம் உண்டு என்பதே அதன் பொருள். நடைமுறையில் இந்த வரியை நிர்வாகங்கள் அளவுக்கு மீறி நீட்டிப் படிக்கின்றன. மத்திய அரசு விடுப்பு விதிகளில் இதற்கு அடுத்தபடியாகவே இன்னொரு விதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: ஊழியர் கேட்டதும் அவர் கணக்கில் இருப்பதுமான விடுப்பின் வகையை, அவர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டாலொழிய, அதிகாரி மாற்றக் கூடாது. ஈட்டிய விடுப்பு (பணிக்காலத்துக்கு ஏற்பக் கணக்கில் சேரும் முழுச் சம்பள விடுப்பு) கேட்டவருக்கு ஊதியமில்லா விடுப்பு என்று ஆணை வந்தால், இந்த விதியைச் சுட்டிக்காட்டி மறுபரிசீலனை கேட்கலாம்.

மகப்பேறு விடுப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அது சட்டம் தரும் பயன். பணியின் தேவையைக் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது.

தற்செயல் விடுப்பையும் சிறப்புத் தற்செயல் விடுப்பையும் எப்படிப் பயன்படுத்துவது?

யு.ஜி.சி. விதிப்படி தற்செயல் விடுப்பு 8 நாள். அதை ஞாயிறு மற்றும் அரசு விடுமுறைகளோடு சேர்த்து எடுக்கலாம். இடையில் வரும் விடுமுறை நாள்கள் கணக்கில் சேராது. சிறப்புத் தற்செயல் விடுப்பு தவிர வேறு எந்த விடுப்போடும் அதைச் சேர்க்க இயலாது.

சிறப்புத் தற்செயல் விடுப்பு கல்வியாண்டுக்கு 10 நாள் வரை உண்டு. பிற பல்கலைக்கழகம், தேர்வாணையம், தேர்வு வாரியம் ஆகியவற்றின் தேர்வுப் பணிக்கும், சட்டப்படி அமைந்த வாரியங்களின் சார்பில் கல்வி நிறுவனங்களை ஆய்வு செய்யச் செல்வதற்கும் இதைப் பெறலாம். பயண நாள்கள் இந்த 10 நாளில் அடங்கமாட்டா. தொலைவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வாய்மொழித் தேர்வு நடத்தச் செல்பவர்கள் பயண நாள்களுக்குத் தங்கள் தற்செயல் விடுப்பைச் செலவழிப்பது தேவையற்ற இழப்பு.

எங்கள் ஈட்டிய விடுப்பு ஏன் அலுவலக ஊழியர்களைவிட இவ்வளவு குறைவாக இருக்கிறது?

கோடை விடுமுறை போன்ற நீண்ட விடுமுறை உள்ள பணி என்பதுதான் காரணம். யு.ஜி.சி.யின் கால அட்டவணைப்படி ஆண்டில் 30 வாரம், அதாவது 180 நாள், கற்பித்தலுக்கு ஒதுக்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களில் 8 வாரமும் கல்லூரிகளில் 10 வாரமும் விடுமுறை. அதனால் ஆசிரியரின் ஈட்டிய விடுப்பு, விடுமுறைக்காலத்தையும் உள்ளடக்கிய உண்மையான பணிக்காலத்தில் முப்பதில் ஒரு பங்கு என்று கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12 நாள் வரும்.

இதோடு சேர வேண்டிய இன்னொரு பங்கைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விடுமுறையின்போது பணி செய்யுமாறு பணிக்கப்பட்டால், அந்த நாள்களில் மூன்றில் ஒரு பங்கு ஈட்டிய விடுப்பாகக் கணக்கில் ஏற வேண்டும். மே மாதம் 30 நாள் மாணவர் சேர்க்கைக் குழுவிலோ விடைத்தாள் திருத்தும் முகாமிலோ இருந்தவருக்கு 10 நாள் கூடுதலாகச் சேரும். ஆண்டின் வரவு 12இலிருந்து 22 ஆகிவிடும். ஆனால் பணிக்கப்பட்டதற்கு எழுத்து வடிவில் ஆணை வேண்டும். 'கொஞ்சம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்' என்று துறைத்தலைவர் தொலைபேசியில் சொன்னதை நம்பிப் போனவரின் விடுப்புக் கணக்கில் எதுவும் ஏறாது. பணி தொடங்கும் முன்பே ஆணை நகலையும், முடிந்த பின் வருகைச் சான்றையும் வாங்கி, அதே மாதத்தில் பணியமைப்புப் பிரிவில் கொடுத்துப் பணிப்பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். ஆண்டுகள் கழித்து ஓய்வு பெறும் வேளையில் பழைய முகாம் ஆணைகளைத் தேடுவது பெரும்பாடு.

ஈட்டிய விடுப்பு 300 நாளுக்கு மேல் சேராது. ஒரே தடவையில் 60 நாள் வரை பெறலாம். உயர்கல்வி, பயிற்சி, மருத்துவச் சான்றுடன் கூடிய நோய், வெளிநாட்டில் தங்குதல் ஆகிய காரணங்களுக்கு 60 நாளுக்கு மேலும் அனுமதிக்கலாம். தமிழ்நாடு அரசு விதிகளில் சேமிப்பின் உச்சவரம்பு 240 நாள்.

சேமித்த விடுப்புக்கு ஓய்வின்போது பணம் கிடைக்குமா?

கிடைக்கும். ஈட்டிய விடுப்பு 300 நாளுக்குக் குறைந்தால், மத்திய அரசு விதிகள் பொருந்தும் இடங்களில், குறையும் நாள்களை அரைச் சம்பள விடுப்பைக் கொண்டு ஈடுகட்டலாம். அந்தப் பகுதிக்கு அரைச் சம்பளமே கணக்கு. வருமான வரியைப் பொறுத்தவரை, ஓய்வின்போது பெறும் இந்தத் தொகை மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு முழு விலக்குடையது. பிறருக்கு 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம் ரூபாய் வரை விலக்கு.

நீண்ட நாள் உடல்நலமில்லை என்றால் எந்த விடுப்பு?

அரைச் சம்பள விடுப்பே இதற்கு முதல் துணை. நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சேரும். மருத்துவம், சொந்தக் காரணம், கல்விப் பணி ஆகிய மூன்றுக்கும் எடுக்கலாம். மருத்துவச் சான்று இருந்தால் அதை முழுச் சம்பள விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் 'கம்யூட்டட் லீவ்' என்று சொல்வது இதைத்தான். அப்படி மாற்றும்போது எடுக்கும் நாள்களைப் போல் இரு மடங்கு கணக்கிலிருந்து கழியும். 12 ஆண்டு பணி முடித்து, அரைச் சம்பள விடுப்பை இதுவரை தொடாதவரிடம் 240 நாள் இருக்கும்; அவர் 120 நாள் முழுச் சம்பளத்துடன் சிகிச்சையில் இருக்கலாம். பணிக்காலம் முழுமைக்கும் இப்படி மாற்றி எடுப்பது 240 நாளுக்கு மேற்படக் கூடாது.

கணக்கில் விடுப்பே மிச்சமில்லை. என்ன செய்வது?

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இனிமேல் சேரப்போகும் அரைச் சம்பள விடுப்பை முன்கூட்டியே பெறுவது. நிரந்தர ஆசிரியருக்குத் துணைவேந்தரின் விருப்புரிமையின்பேரில் பணிக்காலம் முழுமைக்கும் 360 நாள் வரை இது கிடைக்கும். மருத்துவச் சான்று இல்லாமல் கேட்டால் ஒரு தடவைக்கு 90 நாள், மொத்தம் 180 நாள் என்பதே எல்லை. முன்கூட்டிப் பெற்ற இந்த விடுப்புக் கடனைத் தீர்க்கும் முன் தன் விருப்பில் பணியை விட்டு விலகினால் பெற்ற சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

மற்றொன்று ஊதியமில்லா அசாதாரண விடுப்பு. இது பற்றிக் கீழே வெளிநாட்டுப் பணி குறித்த விடையில் விரிவாகப் பார்க்கலாம்.

கருத்தரங்குக்கும் புத்தாக்கப் பயிற்சிக்கும் சொந்த விடுப்பைப் பயன்படுத்த வேண்டுமா?

தேவையில்லை. கருத்தரங்கு, மாநாடு, அறிமுகப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சி, ஆய்வு நெறிமுறைப் பட்டறை, பிற நிறுவனங்களில் சொற்பொழிவு, யு.ஜி.சி. போன்ற அமைப்புகளின் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு ஒரு கல்வியாண்டில் 30 நாள் வரை முழுச் சம்பளத்துடன் பணி விடுப்பு உண்டு. நாம் 'ஓ.டி.' என்று சொல்லிப் பழகியது இதுவே. இயல்பான செலவுக்கு மேற்பட்ட உதவித்தொகையோ மதிப்பூதியமோ கிடைத்தால் சம்பளம் குறைக்கப்படலாம். அழைப்புக் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பிஎச்.டி. முடிக்கக் கல்வி விடுப்பு எடுக்கலாமா?

உதவிப் பேராசிரியராகத் தொடக்க நிலையில் நியமிக்கப்பட்டு, இடைவெளியின்றிக் குறைந்தது மூன்றாண்டு பணிபுரிந்தவர் கேட்கலாம். ஊதியத்துடன் கூடிய இந்த விடுப்பு முதலில் இரண்டாண்டுக்கு வழங்கப்படும். ஆய்வு நன்றாக நடக்கிறது என்று நெறியாளர் அறிக்கை தந்தால் மேலும் ஓராண்டு நீளும். பணிக்காலம் முழுமைக்கும் மூன்றாண்டே எல்லை. விடுப்பு முடிந்து திரும்பும் நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவருக்கு இது கிடைக்காது.

பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது வேறோர் இடத்தில். நிறுவனத்தின் மொத்த ஆசிரியர் எண்ணிக்கையில் 20 விழுக்காட்டினர் வரை பிஎச்.டி.க்காகக் கல்வி விடுப்பில் செல்லலாம் என்கிறது விதிமுறை. மருத்துவ விடுப்பிலும் மகப்பேறு விடுப்பிலும் இருப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்து பேர் உள்ள துறையில் ஒருவர் ஏற்கெனவே போயிருந்தால், அடுத்தவரின் விண்ணப்பம் பணிமூப்பா, ஆய்வுப் பதிவு பெற்ற நாளா என்ற வழக்கில் மாட்டிக்கொள்ளும். இதற்குத் துறைக்குள் எழுத்து வடிவில் ஒரு வரிசை வைத்துக்கொள்வது நல்லது.

விடுப்பில் செல்பவர் திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாகப் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை பதிவாளருக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த அறிக்கையை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். அது வந்து சேரும் வரை விடுப்புச் சம்பளத்தை நிறுத்தி வைக்க முடியும். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து உதவித்தொகை பெற்றால், சம்பளத்தை நிர்ணயிக்கும்போது அதுவும் கருத்தில் கொள்ளப்படும்.

விடுப்பு எடுக்காமல், வகுப்பும் நடத்திக்கொண்டே ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. விடுப்பில் சென்று பிஎச்.டி. படித்த காலம் ஆசிரியர் நியமனத்துக்கான கற்பித்தல் அனுபவமாகக் கொள்ளப்படுவதில்லை; எந்த விடுப்பும் எடுக்காமல் பணியோடு சேர்த்து ஆய்வு செய்த காலம் அனுபவமாகவே எண்ணப்படும். நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியர் பணியிடத்துக்குப் போக நினைப்பவர் இதை முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கும் நூல் எழுதவும் தரப்படும் சபாட்டிக்கல் விடுப்பு யாருக்கு?

இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழாண்டு முடித்த நிரந்தர, முழுநேர ஆசிரியருக்கு. ஒரு தடவைக்கு ஓராண்டு, பணிக்காலத்தில் மொத்தம் இரண்டாண்டு. முழுச் சம்பளமும் ஆண்டு ஊதிய உயர்வும் உண்டு. ஓய்வூதியத்துக்கும் இந்தக் காலம் கணக்கில் சேரும். கல்வி விடுப்பு எடுத்தவர் திரும்பி வந்து ஐந்தாண்டு ஆன பிறகே இதைக் கேட்கலாம்.

இந்தக் காலத்தில் வேறு நிறுவனத்தில் நிலையான வேலை பார்க்கக் கூடாது. ஆய்வு உதவித்தொகையோ தற்காலிகக் கற்பித்தல் பணியோ ஏற்கலாம். கிடைக்கக்கூடிய விடுப்புகளில் மிகவும் பயனுள்ளதும் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான் என்பது எங்கள் கருத்து. பாடவேளைகளை யார் பார்ப்பது என்ற ஒற்றைக் கேள்விக்கு விடையில்லாமல் பல விண்ணப்பங்கள் துறைத்தலைவர் மேசையிலேயே நின்றுவிடுகின்றன. எனவே என்ன நூல், என்ன ஆய்வு, எங்கே என்ற திட்டத்தோடு, உங்கள் பாடங்களை எடுக்க ஒப்புக்கொண்ட சக ஆசிரியர்களின் கையொப்பத்தையும் இணைத்தே விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இரண்டாண்டுக்கு அழைக்கிறது. வேலையை விடாமல் போக முடியுமா?

முடியும். ஊதியமில்லா அசாதாரண விடுப்பு இதற்கு வழிசெய்கிறது. வேறு விடுப்பு இல்லாதபோதும், இருந்தும் இதையே வேண்டும் என்று எழுதிக் கேட்டபோதும் நிரந்தர ஆசிரியருக்கு இதை வழங்கலாம். மருத்துவக் காரணம் தவிர்த்துத் தொடர்ச்சியாகப் பணியில் இல்லாத காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது; பணிக்காலம் முழுமைக்கும் சேர்த்து ஐந்தாண்டு எல்லை.

பொதுவாக ஊதியமில்லா விடுப்பு ஆண்டு ஊதிய உயர்வுக்குச் சேராது. ஆனால் உடல்நலமின்மை, இயற்கைச் சீற்றத்தால் பணிக்குத் திரும்ப முடியாமை, உயர்கல்வி, கற்பித்தல் பணிக்கோ ஆய்வு உதவித்தொகைக்கோ வந்த அழைப்பை ஏற்றல் ஆகியவற்றுக்காக எடுத்தது சேரும். ஆகவே விண்ணப்பத்தில் 'சொந்தக் காரணம்' என்று இரு சொல்லில் எழுதுவது பெருந்தவறு. அழைப்புக் கடிதத்தை இணைத்து, எந்த நோக்கத்துக்காக என்பதைத் தெளிவாக எழுதி, விடுப்பு ஆணையிலும் அந்த நோக்கம் இடம்பெறுமாறு பார்த்துக்கொண்டால், திரும்பி வந்தபின் ஊதிய நிர்ணயத்தில் இரண்டு ஊதிய உயர்வுகளுக்காகப் போராட வேண்டியிருக்காது.

மகப்பேறு விடுப்பில் 180 நாள், 26 வாரம், 12 மாதம் என்று மூன்று விதமாகச் சொல்கிறார்களே?

மூன்றும் மூன்று வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. 180 நாள் என்பது யு.ஜி.சி. விதி, முழுச் சம்பளத்துடன் பணிக்காலத்தில் இரு முறை. கருச்சிதைவுக்கு மருத்துவச் சான்றின்பேரில் பணிக்காலத்தில் மொத்தம் 45 நாள் தனியே உண்டு. 26 வாரம், அதாவது 182 நாள், என்பது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம். இப்போது அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது. உயிருடன் இரு குழந்தைகள் இருந்தால் 12 வாரமாகக் குறையும். 12 மாதம் என்பது தமிழ்நாடு அரசின் ஆணை. உங்கள் பணி விதிகள் சட்டத்தைவிட மேலான பயன் தந்தால் அந்த மேலான பயனைப் பெறுவதைச் சட்டம் தடுப்பதில்லை.

மூன்றாவது குழந்தைக்கு விடுப்பே கிடையாது என்று உடனடியாக முடிவுகட்ட வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரு குழந்தைகள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்காமல், மகப்பேறு விடுப்பைப் பெண்களின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதியாகக் கொண்டு தீர்ப்பளித்தது.

குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கல்லூரி ஆசிரியைகளுக்கும் உண்டா?

உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு உள்ளதைப் போலவே பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் வரை. மத்திய அரசு விதிகளில் முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளமும் அடுத்த 365 நாளுக்கு 80 விழுக்காடும் தரப்படும். குழந்தைக்கு 18 வயது ஆகும் வரை எடுக்கலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு வயது வரம்பில்லை. தனித்து வாழ்ந்து குழந்தையை வளர்க்கும் தந்தையரும் 2018 முதல் தகுதி பெறுகின்றனர். பொதுவாக ஆண்டுக்கு மூன்று தவணைக்கு மேல் இல்லை; ஒரு தவணைக்குக் குறைந்தது ஐந்து நாள். விடுப்பு 45 நாளைத் தாண்டினால் பதிலாளாகப் பகுதிநேர அல்லது கௌரவ ஆசிரியரை நியமிக்கலாம் என்று யு.ஜி.சி. விதிமுறையே சொல்கிறது. 'உங்கள் வகுப்பை யார் எடுப்பது?' என்ற கேள்விக்கு அதைக் காட்டலாம்.

மாநில அரசு இந்த விதியை ஏற்காத இடங்களில் என்ன நிலை என்பதற்கு இமாச்சலப் பிரதேச வழக்கு ஒன்று வழிகாட்டுகிறது. நாலாகட் அரசுக் கல்லூரியில் புவியியல் உதவிப் பேராசிரியராக இருந்த ஒருவரின் மகனுக்கு எலும்புகள் எளிதில் முறியும் மரபணு நோய். அறுவைச் சிகிச்சைகளும் தொடர் கவனிப்பும் தேவைப்பட்டதால் அவர் தம் விடுப்பு முழுவதையும் செலவழித்துவிட்டார். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கேட்டபோது, மாநிலம் அந்த விதியை ஏற்கவில்லை என்று மறுத்தார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகையன்று, அரசமைப்புச் சட்டம் வேண்டுவது என்று கூறி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் தாய்மாரை மனத்தில் கொண்டு கொள்கையை மறுஆய்வு செய்யக் குழு அமைக்குமாறு மாநில அரசைப் பணித்தது.

தந்தையருக்கும் தத்தெடுப்போருக்கும்?

மனைவியின் பேறுகாலத்தை ஒட்டித் தந்தையருக்கு 15 நாள், இரு குழந்தைகள் வரை. தத்தெடுப்பு விடுப்பு மத்திய அரசு விதிகளைப் பின்பற்றும். ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு அவ்விதிகளில் 180 நாள். வாடகைத்தாய் முறையில் குழந்தை பெறுவோருக்கும் 2024இல் மத்திய அரசு விதிகளில் இடமளிக்கப்பட்டது.

நீண்ட விடுப்பில் இருந்தால் பதவி உயர்வு தள்ளிப்போகுமா?

பணி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வரும் பதவி உயர்வில், மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு, கல்வி, மருத்துவ விடுப்புகளிலும் அயற்பணியிலும் (வேறு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுச் செய்யும் பணியிலும்) கழித்த காலத்தை மதிப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டு, எஞ்சிய காலத்தின் கற்பித்தலைக் கொண்டே முழுக் காலத்துக்கும் தரம் கணிக்க வேண்டும் என்று 2018 விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. விடுப்பில் இருந்ததால் ஆசிரியருக்கு எந்தப் பாதகமும் வரக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த விடுப்பு உரிய அதிகாரியின் முன் அனுமதியோடு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். விடுப்பு எடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பின்னேற்பு ஆணை வாங்கியவர்கள் தேர்வுக் குழுவின் முன் தடுமாறுவது இந்த வரியால்தான். ஆணையின் தேதி விடுப்பின் தொடக்கத் தேதிக்கு முந்தியதா என்பதை இன்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்த ஆசிரியருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் இவற்றில் எது கிடைக்கும்?

கல்வி விடுப்பு, சபாட்டிக்கல், அசாதாரண விடுப்பு ஆகியவை நிரந்தரப் பணியாளருக்கானவை. கௌரவ விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. 2019இல் வகுத்தது ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மேற்படாத மதிப்பூதியம் மட்டுமே. பல இடங்களில் அதுவும் தரப்படுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி.

ஆனால் சட்டம் தரும் பயன்கள் பணியின் பெயரைப் பார்ப்பதில்லை. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் பணிபுரிந்த பெண்ணுக்கு மகப்பேற்றுப் பயன் உண்டு. ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்தாலும் அந்தப் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் (இ.எஸ்.ஐ.) கீழ் வருவார், தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். சுயநிதிக் கல்லூரியில் பணிபுரிபவர்கள் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்பதோடு, அந்தத் தொகை உண்மையில் கட்டப்படுகிறதா என்பதையும் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியர்களுக்கு உண்டா? எப்படிக் கணக்கிடுவது?

2004இல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின் அன்றைய வரையறையில் 'ஊழியர்' ஆகமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. அதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்துமாறு ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஆக, 'ஆசிரியருக்குப் பணிக்கொடை இல்லை' என்று இன்றும் சொல்லும் நிர்வாகத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

இடைவெளியின்றி ஐந்தாண்டு பணி வேண்டும்; இறப்பு, உடல் இயலாமை ஆகியவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் புதிய சட்டத் தொகுப்பில் ஓராண்டு போதும். கடைசி மாத அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டது ஓராண்டாகக் கொள்ளப்படும். கடைசியாக 1,00,000 ரூபாய் பெற்று, 18 ஆண்டு 7 மாதம் பணிபுரிந்தவருக்கு 19 ஆண்டு கணக்கில் 10,96,154 ரூபாய் வரும். உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய்.

ஓய்வூதியம்?

பணியில் சேர்ந்த நாளே முடிவு செய்கிறது. மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதலும், தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர். தனியார் நிறுவனங்களில் வருங்கால வைப்பு நிதி: ஊழியர் 12 விழுக்காடு, நிறுவனம் 12 விழுக்காடு; நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு, 15,000 ரூபாய் ஊதிய வரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். பத்தாண்டு பணி நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். கல்லூரி மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுபவர்கள் இந்தப் பத்தாண்டை எட்டுவதேயில்லை. பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே சரி.

பாலியல் துன்புறுத்தல் பற்றிப் புகார் கொடுத்தவருக்கு விடுப்பு உண்டா?

2013ஆம் ஆண்டின் சட்டப்படி, விசாரணை நடக்கும் காலத்தில், புகார் அளித்தவர் எழுதிக் கேட்டால், நிறுவனத்துக்குள் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் பரிந்துரையின்பேரில் மூன்று மாதம் வரை விடுப்பு வழங்கலாம். அது அவருடைய மற்ற விடுப்புகளுக்கு மேற்பட்டது. கணக்கில் கழிக்கக் கூடாது.

பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டால் வேலை போய்விடுமா?

அரசு நிறுவனங்களில் போகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பணிநீக்கத்தையும் பதவியிறக்கத்தையும் தடுக்கிறது. அதே பணியைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பணியிடம் இல்லையென்றால் ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

விடுப்பு முடிந்தும் உடனே திரும்ப முடியவில்லை என்றால்?

விடுப்பு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பியுங்கள். மின்னஞ்சலோடு பதிவுத் தபாலும் அனுப்புங்கள். அனுமதியின்றி நீடிக்கும் நாள்களுக்குச் சம்பளம் இல்லை. வேண்டுமென்றே வராமல் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடமுண்டு. விண்ணப்பித்துவிட்டோம் என்பதையே அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவ விடுப்பிலிருந்து திரும்புபவர் உடற்தகுதிச் சான்றுடன் முற்பகலிலேயே பணியேற்பு அறிக்கை கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். பிற்பகலில் கொடுத்தால் அந்த அரை நாளையும் விடுப்பாக எழுதும் அலுவலகங்கள் உண்டு.